போட்டாச்சு என்று சொன்னேன்

வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். நேற்று பீரோவின் மேல்தட்டிலிருந்த பழைய ஃபைலை எடுத்து உதறியபோது பிரணவின் தடுப்பூசி அட்டை தரையில் விழுந்தது. மடிப்பில் கிழிந்து, அந்துருண்டை வாசனையோடு கிடந்தது. முதல் நான்கு வரிகளில் தேதியும் டாக்டரின் கையெழுத்தும் இருக்கின்றன. அதற்குக் கீழே எல்லாம் வெறும் கட்டங்கள். ஒன்பதாம் மாதம், தட்டம்மை என்று அச்சடித்த வரிக்கு எதிரே பேனாவின் ஒரு கீறல்கூட இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் பேசியிருக்க வேண்டியதை, கேட்க நீ இல்லாதபோது பேசுகிறேன். என் லட்சணம் எப்போதும் இதுதான்.

இரும்புலியூரில் உங்கள் மாடிக்கு நாங்கள் குடிவந்த நாள் உனக்கு நினைவிருந்திருக்கும். சாமான் ஏற்றி வந்த வண்டி தெருமுனையில் திரும்ப முடியாமல் நின்றபோது, நீ நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடிவந்து டிரைவருக்கு வழி சொன்னாய். உன் மாமியார் வாசலில் நின்று, "வாடகைக்கி வந்தவங்களுக்கு நீ இன்னாத்துக்குமா ஓடுற?" என்று கேட்டார். நீ சிரித்தாய். உன் ஹரிணியும் என் பிரணவும் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு என்று தெரிந்த பிறகு நாம் அக்காவும் மேடமும் இல்லாமல் 'டி' போட்டுக்கொள்ள ஒரு மாதம்கூட ஆகவில்லை.

இரண்டாவதாக ரித்து பிறந்தபோது நீ ஆசிரியர் வேலைக்கு ஒரு வருடம் லீவு போட்டாய். எனக்குக் கிண்டியில் அலுவலகம். பிள்ளைகளின் பள்ளி வேன் மூன்றரைக்கு வரும். நான் ரயிலில் தாம்பரம் வந்து இறங்க ஆறரை ஆகும். "அவன் என் வீட்ல இருக்கட்டும்டி, உனக்கு என்ன கவலை?" என்று நீயாகவே சொன்னாய். மூன்று மணி நேரம் அவன் உன் கூடத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவான். எழுதி முடித்ததும் ரித்துவின் தொட்டில் பக்கத்தில் போய் உட்காருவான். தங்கச்சி என் விரலைப் பிடிச்சுட்டா என்று தினமும் என்னிடம் வந்து சொல்வான்.

அந்த வருடம்தான் பள்ளியில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்போவதாகச் சொல்லி ஒரு சம்மதப் படிவம் கொடுத்தனுப்பினார்கள்.

பிரணவுக்கு மூன்றரை மாதத்தில் போட்ட ஊசியோடு நான் நிறுத்திவிட்டேன் என்பது உனக்குத் தெரியாது. அன்று மூன்று மணி நேரம் அழுகை நிற்கவில்லை. பிறகு வெளுத்துத் துவண்டு கிடந்தான். ஒருநாள் முழுக்க நான் அவன் மூக்கில் கைவைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் மறுவாரம், "சில குழந்தைங்களுக்கு இப்படி ஆகும்மா, பயப்பட ஒண்ணும் இல்ல, அடுத்ததைப் பார்த்துப் போடலாம்" என்றார். நான் அதன் பிறகு அந்தக் கிளினிக் இருக்கும் தெரு வழியாகக்கூடப் போகவில்லை. என் கணவர் கேட்டபோதெல்லாம் அடுத்த மாதம் என்றேன். பிறகு அவரும் கேட்கவில்லை.

எட்டு வருடம் கழித்து அந்தப் படிவம் வந்தபோது, எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு குரல் பதிவும் வந்தது. தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்ட யாரோ ஒருவர், இந்த ஊசி போட்ட பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தையே பிறக்காது என்று பேசினார். பேர் இல்லை, ஊர் இல்லை. ஆனால் என் பயத்துக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன். விருப்பமில்லை என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அந்த வாரம் நீ மொட்டை மாடியில் துணி காயப்போட வந்தாய். இடுப்பில் ரித்து. கையில் இருந்த க்ளிப்பை அவள் பிடுங்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரணவுக்கு ஊசி போட்டாச்சாடி?"

"போட்டாச்சு."

"அப்பாடா. வாட்ஸப்ல கண்டதையும் பாத்துட்டு நிறைய பேர் வேணாம்னு எழுதிட்டாங்களாம். இவளுக்கு இன்னும் ஒன்பது மாசம் ஆகல. போடவும் முடியாது. வீட்டுக்கு வர்ற புள்ளைங்களுக்குப் போட்டிருந்தாத்தான் இவளுக்குப் பாதுகாப்பு. அதான் கேட்டேன், தப்பா நெனச்சுக்காத."

நீ காரணத்தோடு கேட்டாய். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டாய். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ சண்டை போட்டிருக்க மாட்டாய். ரெண்டு மாசம் மட்டும் அவனை வேறெங்காவது விட்டு வைடி என்று சொல்லியிருப்பாய், அவ்வளவுதான். எனக்கு அந்த மூன்று மணி நேர வசதி போய்விடும். படித்தவளாகிய உன் முன்னால் நான் முட்டாளாகத் தெரிவேன். இந்த இரண்டுக்காகத்தான் போட்டாச்சு என்றேன்.

அடுத்த மாதமே ஒரு புதன்கிழமை அவனுக்குக் காய்ச்சல். இருமல், கண்ணெல்லாம் சிவப்பு. மாத்திரை கொடுத்ததும் இறங்கியது. எனக்கு லீவு கிடைக்காது என்று வியாழனும் வெள்ளியும் பள்ளிக்கு அனுப்பினேன். இரண்டு நாளும் மாலையில் உன் கூடத்தில்தான் இருந்தான். "கொஞ்சம் சோர்வா இருக்கான், ரசஞ்சாதம் குடுத்தேன்" என்று வெள்ளிக்கிழமை நீ சொன்னாய். ஞாயிறு காலையில் காதுக்குப் பின்னால் தொடங்கி முகமெல்லாம் செம்புள்ளி.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. எனக்கே சின்ன வயதில் வந்ததுதான். வாசலில் வேப்பிலை செருகினால் கீழே உனக்குத் தெரிந்துவிடும். அதனால் செருகவில்லை. அவன் தலையில் துண்டைப் போர்த்தி, நீ சமையல்கட்டில் இருந்த நேரமாகப் பார்த்து இறங்கி, ஆட்டோ பிடித்துப் பம்மலில் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று உனக்குப் போனில் சொன்னேன். "அம்மாவை நல்லா பாத்துக்கோ, இங்க ஒண்ணும் கவலைப்படாத" என்றாய். என் மகனுக்குப் பத்து நாளில் சரியாகிவிட்டது. ஒரு தழும்புகூட இல்லை.

உன் ரித்துவுக்கு அடுத்த வாரக் கடைசியில் தொடங்கியது. காய்ச்சல், புள்ளி, பிறகு நெஞ்சில் சளி, மூச்சுத்திணறல். நான் பம்மலிலிருந்து ஓடிவந்தபோது நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்தாய். முதலில் சொன்னது என்ன தெரியுமா? "பிரணவை இங்க கூட்டிட்டு வரலையே? அவனுக்கு ஊசி போட்டிருந்தாலும் எதுக்குடி வம்பு?"

உள்ளே டாக்டர் உன்னிடம் கேட்டார். "வீட்ல, அக்கம்பக்கத்துல யாருக்காவது அம்மை வந்துச்சா?"

"இல்ல டாக்டர்."

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா, அம்மை வந்த ஆள்கிட்ட பழகின முதல் ஆறு நாளுக்குள்ள ஒரு ஊசி போட்டு வீரியத்தையாவது குறைக்கப் பார்த்திருக்கலாம்மா."

நான் வெந்நீர் ஃப்ளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில் நின்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பத்துப் படி இறங்கி வந்து உன் கதவைத் தட்டியிருந்தால் அந்த ஆறு நாளில் மிச்சம் இருந்தது உன் கையில் கிடைத்திருக்கும். என் வாய் அப்போதும் திறக்கவில்லை.

ரித்து பிழைத்து வீட்டுக்கு வந்தாள். சில மாதம் கழித்து ஒரு காலையில் குக்கர் விசில் அடித்தபோது ஹரிணி திடுக்கிட்டாள், ரித்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ கரண்டியால் தட்டை அடித்தாய். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று அடித்துக்கொண்டே இருந்தாய். மேலே எனக்குக் கேட்டது. அது எதற்கென்று அப்போது தெரியாது.

இரண்டு காதும் பெரும்பாலும் போய்விட்டது. காய்ச்சலின் விளைவு என்றார்கள். நீ வேலைக்குத் திரும்பவே இல்லை. மெஷின் மாட்டி, பேச்சுப் பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் எழும்பூருக்கு ரயிலில் தூக்கிக்கொண்டு அலைந்தாய். ஜன்னலோரம் உட்காரவைத்து, மரம், பாலம், ஆடு என்று வாயை அகல அகலத் திறந்து சொல்லுவாயாம். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாம் உன்னைப் பார்ப்பார்களாம்.

ஆனால் உன்னைத் தின்றது அந்த அலைச்சல் இல்லை. காய்ச்சல் வருவதற்குப் பத்து நாள் முன்னால் நீ படப்பையில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு ரித்துவைக் கொண்டுபோயிருந்தாய். உன் மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். கெட்டவர் இல்லை அவர். பேத்தியை நினைத்துப் புலம்புவதற்கு அவருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. "வோணாம் வோணாம்னு தலபாடா அடிச்சுகினேன். கைக்கொயந்தைய தூக்கினு மண்டபத்துக்குப் போனா. எவன் கிட்டேந்து ஒட்டிக்கினு வந்தாளோ!" வருகிறவர், போகிறவர் எல்லாரிடமும் சொன்னார். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏனென்றால் நீயும் அதையே நம்பினாய். அதன் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் நீ போகவில்லை.

"உன் மேல தப்பே இல்லடி" என்று நான் உன்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ ஒருத்திதான் அப்படிச் சொல்ற" என்பாய். அதைக் கேட்டுவிட்டு மாடியேறி வந்து நான் சாப்பிட்டிருக்கிறேன், தூங்கியிருக்கிறேன். பயிற்சிக்கு ஒரு நாள் நான் கூட்டிப்போகிறேன் என்று லீவு போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். தெருவில் எல்லாரும் குடியிருக்கிறவள் மாதிரியா இருக்கிறாள், கூடப்பிறந்தவள் மாதிரி என்றார்கள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி. கண்டுபிடித்தபோதே நேரம் தாண்டியிருந்தது. கடைசி வாரம் ஒரு மத்தியானம் நாம் இருவர் மட்டும் இருந்தோம். இன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்திருந்தேன். நீ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கல்யாணத்துக்கு மட்டும் நான் போகாம இருந்திருக்கலாம் இல்ல?" என்றாய்.

"அதையே நெனச்சுக்கிட்டு இருக்காதடி" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சாகப்போகிறவளை எதற்கு நோகடிக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். நீ போனால் கேள்வி கேட்க ஆளில்லை என்று என் மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டதையும் இன்று மறைக்கமாட்டேன்.

உன் முதல் வருடத் திதியன்று பந்தி முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரிலிருந்து வந்த ஒரு அம்மாள் ரித்துவின் மெஷினைப் பார்த்து என்ன ஆச்சு என்று விசாரித்தார். உன் மாமியார் அழுதுகொண்டே ஆரம்பித்தார். "இன்னாத்த சொல்றது? பாவி, அன்னிக்கு கொயந்தைய தூக்கினு போவாம இருந்திருந்தா..." ரித்து எதிரே உட்கார்ந்து பாட்டியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது அவளுக்கு. எல்லாம் புரிகிறது. அவள் முகம் மெல்ல மாறியதைப் பார்த்தேன். உன் படத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள், கோபமாக.

"அவ இல்ல" என்றேன். "நான்."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். படிவம், மொட்டை மாடி, பம்மல், ஆஸ்பத்திரி. மோர் ஊற்றிக்கொண்டிருந்த என் பிரணவ் சொம்போடு அப்படியே நின்றுவிட்டான். உன் கணவர், "பத்து வருஷமாக்கா?" என்று மட்டும் கேட்டார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். உன் மாமியார்தான் எழுந்து வந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "சாவுற வரிக்கும் அவள பேசினேனே! எல்லாம் கேட்டுகினு மேலயே குந்திகினு இருந்தியா? என் வாய வச்சே அவள கொன்னுட்டியேடி!"

அவர் சொன்னதில் ஒரு எழுத்தையும் என்னால் மறுக்க முடியாது.

மறுநாள் உன் கணவர் படியேறி வந்து, மாதக் கடைசிக்குள் காலி செய்துவிடுங்கள் என்றார். மூன்றாம் நாள் பிரணவ், "என்கிட்டேந்துதானாம்மா அவளுக்கு வந்துது?" என்று கேட்டான். நீ அப்போ குழந்தைடா, தப்பு என்னுது என்றேன். "அவ என் விரலைப் பிடிச்சுட்டு இருந்தாம்மா" என்றான். அதற்குப் பிறகு என் கையால் சாப்பாடு வாங்கிக்கொள்வதில்லை. அவனே போட்டுக்கொள்கிறான்.

இன்று மத்தியானம் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது ரித்து மேலே வந்தாள். யாரிடமும் சொல்லாமல் வந்திருக்க வேண்டும். வாசற்படியிலேயே நின்றாள். அவள் பேச்சு மற்றவர்களுக்குச் சட்டென்று புரியாது. எனக்குப் புரியும்.

"அம்மாக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியாதும்மா. நான் சொல்லவே இல்ல."

கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்தாள். இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தாளோ என்னவோ. பிறகு சொன்னாள்.

"அம்மா டெய்லி காலைல எனக்கு மெஷின் மாட்டும். ஆன் பண்றதுக்கு முன்னாடி சாரி சொல்லும். எனக்குக் கேக்காதுன்னு நெனச்சு சொல்லும். ஆனா எனக்கு வாயைப் பார்த்தாத் தெரியும்ல? எதுக்கு சாரின்னு நான் கேட்டதே இல்ல."

அவள் இறங்கிப் போய்விட்டாள். நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். காலை ஏழரை மணிக்கு நீ அவளைச் சன்னல் பக்கம் உட்காரவைத்து மெஷின் மாட்டுவாய் என்று எனக்குத் தெரியும். படியில் இறங்கும்போது எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். உன் உதடு அசைவதையும் பார்த்திருக்கிறேன். ஏதோ கொஞ்சுகிறாய் என்று நினைத்தேன். எனக்குக் கையசைப்பாய். நானும் கையசைத்துவிட்டு ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடியிருக்கிறேன்.