குரலுக்கு ஒதுக்கிய மதிப்பெண்

அக்கா, இன்று காலை கருத்தரங்கக் கூடத்தில் பின்வரிசையில் யாரோ தொண்டை மிட்டாயின் உறையைப் பிரித்தார்கள். யூகலிப்டஸ் வாசம் ஏசி குளிரோடு கலந்து வந்தது. மேடையில் பயிற்சியாளர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அவர் பேசிய ஒரு வார்த்தையும் என் காதில் ஏறவில்லை. நாம் சேர்ந்து உட்கார்ந்த கடைசிப் பயிற்சி வாரத்தில் உங்கள் கைப்பையைத் திறந்தாலே இந்த வாசம்தான் வரும்.

வகுப்புகள் அடுத்த வாரம் தொடங்குகின்றன. அதற்கு முன் ஆசிரியர்களையும் அலுவலக ஊழியர்களையும் ஒன்றாக உட்காரவைத்து நடத்தும் அதே பயிற்சி. நாளை மதியம் என்னுடைய மாதிரி வகுப்பு. இந்த வருடம் நம் இயற்பியல் துறையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளைக் கொண்டு இரண்டு பெஞ்சை நிரப்ப முடியாது. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதை மாதிரி வகுப்பில் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். முதல்வர் காலையிலேயே சொல்லிவிட்டார். உங்களை உட்காரவைத்துச் சொன்னதும் இதே வாக்கியம்தான், அக்கா.

நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கணபதி நிறுத்தத்தில் இருவரும் ஒன்றாகக் கல்லூரிப் பேருந்து ஏறினோம். ஜன்னலோரத்தை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, "நீ வேடிக்கை பாரு அம்மணி, நான் ஒரு தூக்கம் போடறேன்" என்பீர்கள். அந்தக் கடைசிப் பயிற்சிக்கு முந்தைய தை மாதம் உங்கள் குரல் கரகரத்தது. "சளி கட்டிக்கிச்சு கண்ணு, வெயில் வந்தாப் போயிரும்" என்றீர்கள். வெயில் வந்து, அதுவும் முடியப்போனது. உங்கள் குரல் தேய்ந்துகொண்டே போனது. கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் மருத்துவர் தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்தார். அன்று சாயங்காலம் காந்திபுரம் பேருந்து நிலையத்தில், அத்தனை இரைச்சலுக்கு நடுவே, என் காதோடு வாயை வைத்துச் சொன்னீர்கள்.

"குரல்வளையில கட்டியாமா. புத்துநோயின்னுட்டாங்க. ஒடனே ஆபரேசன் பண்ணோணுமாம்."

"அப்ப நாளைக்கே போய்ச் சேந்துருங்கக்கா."

"பயிற்சிக்கு வராதவங்களை வேலையை விட்டு எடுத்துருவோம்னு சொல்லிப்போட்டாங்கல்ல? வேலை போச்சுன்னா இன்சூரன்ஸும் போயிரும். அப்பறம் எதை வெச்சு ஆபரேசன் பண்றது? ஒரு வாரந்தானே. பல்லைக் கடிச்சுட்டு இருந்துபோடறேன்."

உங்கள் வீட்டுக்காரர் வேலை பார்த்த பம்ப் பட்டறையை மூடி ஒரு வருடமாகியிருந்தது. கல்லூரி எடுத்துக்கொடுத்த காப்பீட்டை விட்டால் உங்கள் குடும்பத்துக்கு வேறு பிடிமானம் இல்லை. நோய் என்று தெரிந்தால் அதையே காரணமாக்கி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தீர்கள். "யாருகிட்டயும் மூச்சு விட்றாத" என்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். வலித்தது. நீங்கள் விடவில்லை.

பயிற்சி வாரம் முழுக்க குரலைச் சேர்த்துவைத்தீர்கள். வெந்நீரை மிடறு மிடறாகக் குடித்தீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு விவாதியுங்கள் என்று பயிற்சியாளர் சொன்னபோதெல்லாம் நீங்கள் தலையாட்டினீர்கள், நான் இருவருக்குமாகப் பேசினேன். "மேடம் ரொம்ப அமைதி" என்று அவர் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

உங்கள் முறை வந்தது. காற்று வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் ஏன் குறைகிறது என்பது பாடம். வணக்கம் சொல்லி, தலைப்பைச் சொல்லி, முதல் கேள்வியை ஆரம்பித்தீர்கள். பாதி வாக்கியத்தில் குரல் நின்றுபோயிற்று. வாய் அசைந்தது, சத்தம் இல்லை.

"மேடம், மைக்கைக் கிட்டப் புடிங்க. பின்னாடி கேக்கல" என்றார் பயிற்சியாளர்.

மைக்கைக் கீழே வைத்தீர்கள். நான் எழுந்து ஓடி வரப்பார்த்தேன். உட்கார் என்று கண்ணாலேயே சொன்னீர்கள். நறுக்கி வைத்திருந்த காகிதப் பட்டைகளை எடுத்து வரிசை வரிசையாகக் கொடுத்தீர்கள். ஒரு பட்டையை உங்கள் கீழுதட்டுக்கு அடியில் வைத்து அதன் மேலாக ஊதிக் காட்டினீர்கள். தொங்கிக்கொண்டிருந்த காகிதம் எழுந்து நின்றது. எங்களையும் ஊதச் சொல்லிக் கையசைத்தீர்கள். கூடம் முழுக்க ஊதியது, அக்கா. முதல்வர் ஊதினார். அலுவலகக் கண்காணிப்பாளர் ஊதினார். அத்தனை காகிதமும் எழுந்து படபடத்தது. பலகையில் 'ஏன்?' என்று மட்டும் எழுதி, ஒவ்வொருவரையாகச் சுட்டி, ஆளுக்கொரு வரியாகப் பதிலை எங்களிடமிருந்தே வாங்கினீர்கள். நேரம் முடிந்தபோது உங்கள் பாடமும் முடிந்திருந்தது. ரவிக்கை முதுகு முழுக்க வியர்வை. அந்த ஏசி குளிரில்.

மதிப்பெண் தாளில் குரல் வளம், ஏற்ற இறக்கம் என்று ஒரு பகுதி இருந்தது. அதில் உங்களுக்குப் பூஜ்யம் போட்டார்கள். அந்த மதிப்பெண்ணால்தான் வைத்துக்கொள்கிறவர்கள் பட்டியலிலிருந்து கீழே விழுந்தீர்கள்.

மறைத்துப் பயனில்லை என்றானபின் இருவரும் முதல்வர் அறைக்குப் போனோம். நீங்கள் மூச்சுக்காற்றில் சொன்னதை நான் வாங்கிச் சத்தமாகச் சொன்னேன். அறுவை சிகிச்சை முடியும் வரையாவது பெயரை வைத்திருங்கள், சம்பளம்கூட வேண்டாம் என்று கேட்டோம். அவர் எழுந்து நின்றே பேசினார்.

"எனக்குப் புரியுதுங்க மேடம். ஆனா மார்க்கு நான் போட்டதில்லீங்க. நிர்வாகம் முடிவு பண்ணிருச்சுங்க. ஒடம்பைப் பாத்துக்கங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க."

இவ்வளவு மரியாதையாக ஒரு மனுஷியைக் கைவிட முடியும் என்று அன்றுதான் கண்டேன். நீங்கள் கைகூப்பிவிட்டு வந்தீர்கள். வெளியே வந்து நான்தான் அழுதேன்.

தனியார் மருத்துவமனையில் குறித்திருந்த நாள் காப்பீட்டோடு போயிற்று. அரசு மருத்துவமனையில் எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து எடுத்து, உங்கள் முறை வருவதற்குள் கட்டி பரவியிருந்தது. குரல்வளையை எடுத்தார்கள். கழுத்தில் குழாய் வைத்தார்கள். கல்லூரி விட்டதும் நேரே உங்களிடம்தான் வருவேன். எழுதிக் காட்ட உங்களுக்குப் பொறுமை இருக்காது. உதட்டை அசைப்பீர்கள், நான் படிப்பேன். படிக்கக் கற்றுக்கொண்டேன். 'லேப்ல அந்த ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சரி பண்ணுனாங்களா' என்று கேட்டீர்கள். 'என்ற பாடத்தை இப்ப எடுக்கற புள்ளை நல்லா நடத்துதா' என்று கேட்டீர்கள். ஒருநாள் கையை மேலும் கீழும் ஆட்டி 'ஏற்ற இறக்கம்' என்று வாயசைத்துவிட்டு, சத்தமே இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

கடைசியாகப் பார்த்த அன்று உங்களுக்கு உதட்டை அசைக்கவும் தெம்பில்லை. பார்வை நேரம் முடிந்தது என்று நர்ஸ் வந்து நின்றார். நீங்கள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னீர்கள். உதடு ஒட்டியது, பிரிந்தது, மறுபடி ஒட்டிப் பிரிந்தது. 'பஸ்ஸு போயிரும்' என்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். தினமும் அப்படித்தானே என்னை விரட்டுவீர்கள். "சரிங்கக்கா, நாளைக்கு வாரேன்" என்றேன். விடிவதற்கு முன்பே உங்கள் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்துவிட்டது.

கொடுமுடியில் உங்களைக் காவிரியில் கரைத்துவிட்டுத் திரும்பும்போது, பேருந்தில், பக்கத்து இருக்கைப் பெண் தன் குழந்தையிடம் "பயமா இருக்கா?" என்று கேட்டாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'பயமா'. உதடு ஒட்டிப் பிரிந்து, மறுபடி ஒட்டிப் பிரிகிறது.

நீங்கள் கற்றுக்கொடுத்த அந்த உதட்டுப் படிப்பு என்னை விட்டுப் போகவில்லை. வகுப்பின் கடைசி பெஞ்சில் விடையைச் சத்தமில்லாமல் முணுமுணுக்கும் பிள்ளைகளைக் கண்டுபிடித்துவிடுகிறேன். "சரியாத்தான சொன்னே, எந்திரிச்சுச் சொல்லு கண்ணு" என்கிறேன். அவர்களுக்கு ஆச்சரியம். நாளைக்குப் பின் எனக்கு வகுப்பு இருக்குமா என்று தெரியாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கண் என்னோடுதான் வரும்.

இன்று சாயங்காலம் மாதிரி வகுப்புக்காகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். பாடம் ஓடவில்லை. குரலை விட்டுவிட்டு, வெறும் உதட்டால் அந்த இரண்டையும் சொல்லிப் பார்த்தேன், அக்கா. பஸ்ஸு போயிரும். பயமா இருக்கு. மெதுவாக, மறுபடி மறுபடி. தெம்பில்லாத உதட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.