ஏழு பேர் கம்பெனி

அக்கா,

நம்ம தொழிலதிபர் பேட்டி நிகழ்ச்சியை நிறுத்திட்டாங்க! ஒவ்வொரு எபிசோடையும் மூணு தடவை பாத்தவன் நான், அழுகையே வந்துடுச்சு.

ஆனா ஒண்ணு சொல்றேன், திட்டாத. அடுத்த வாரம் வீட்டுக்கே வந்து என்னைப் பேட்டி எடுக்கறதா இருந்தாங்க. என் மெழுகுவத்திக் கம்பெனியில ஏழு பேர் வேலை பாக்குறாங்கன்னு விண்ணப்பத்துல எழுதிட்டேன். அதுல நீயும் ஒருத்தி. அப்பா டெலிவரி, அம்மா மேனேஜர்.

பாவம், அம்மா தினமும் கண்ணாடி முன்னாடி ஒத்திகை பாத்தாங்க. நிறுத்திட்டாங்கன்னு சொன்னதும், "அப்பாடா! டிவியில பொய் சொல்லாம தப்பிச்சேன்டா"ன்னு நாற்காலியில சாஞ்சுட்டாங்க. எனக்கும் அப்பத்தான் மூச்சே வந்துச்சு.

அடுத்த நிமிஷமே, "மேனேஜர் சொல்றேன், போய் அந்த மெழுகுப் பாத்திரத்தைக் கழுவு"ன்னாங்க. கழுவிட்டு வந்துதான் எழுதறேன்.

இப்படிக்கு,
கம்பெனியோட ஒரே தொழிலாளி