நண்டு ஆலை இருமல்

மே 7, திங்கள்

இன்று முப்பத்தொரு பேர். அதில் பத்துப் பேருக்கு நோயே இல்லை, படிவம்தான் இருந்தது. நான் டாக்டரா, கையெழுத்துப் போடும் இயந்திரமா? ஊரில் கேட்டால் இரண்டாவது என்பார்கள்.

கடைசியாக யூலாலி. நண்டு ஆலையில் இருபத்திரண்டு வருடமாகக் கால் உடைப்பவள். நண்டுக் கால். மூன்று வருடமாக அதே இருமல், மூன்று வருடமாக என்னிடம் அதே மருந்து: "சிகரெட்டை விடுங்க."

"விட்டுட்டேன் டாக்டரே. போன நவம்பர்லயே விட்டாச்சு. நீங்கதான் இன்னும் விடமாட்டேங்கிறீங்க."

பெர்னடெட் வெளியே வரவேற்பு மேசையில் சிரித்தது கேட்டது. அவளுக்குச் சம்பளம் கொடுப்பது நான்.

கிளம்பும்போது யூலாலி சொன்னாள்: "ஆகஸ்ட்ல ஆலை மூடினா நல்லாயிடறேன். திறந்தா மறுபடி வந்துடுது. இந்த சிகரெட்டுக்கு சீசன் தெரியுது போல."

ராட்சசி.

மே 8

தூங்கவில்லை. நண்டு வேகும் ஆவி. அதை இழுத்து இழுத்து ஆஸ்துமா வரும் என்று மாணவனாக இருந்தபோதே படித்தது. "லீவு நாள்ல எப்படி இருக்கு?" — ஒரே ஒரு கேள்வி. மூன்று வருடத்தில் ஒரு தடவை கேட்டேனா?

காலையில் அவளைக் கூப்பிட்டு மூச்சை அளக்கும் குழாயைக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊதி, எண்ணை எழுத வேண்டும். இரண்டு வாரம் வேலையில், இரண்டு வாரம் வீட்டில்.

மே 10

ஆலை மேலாளர் லோஸ்யே போன் செய்தார்.

"என்ன டாக்டர், யூலாலி கைல ஊதுகுழல் குடுத்திருக்கீங்களாமே? வேலைக்கு நடுவுல நின்னு ஊதறா. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். நுரையீரலுக்கு நல்லது."

"முடியலன்னா லேசான வேலை தர்றேன். லேபிள் ஒட்டட்டும்."

"எங்க?"

"அதே கூடத்துலதான். அடுப்புக்கு அந்தப் பக்கம்."

மூழ்குகிறவனுக்கு இடம் மாற்றிக் கொடுக்கிறார், ஆற்றுக்குள்ளேயே.

ஜூன் 8

எண்கள் வந்தன. வீட்டில் இருந்த நாட்களில் மூச்சின் வேகம் 410. ஆலையில், நாலு நாள் ஆவி இழுத்த வியாழக்கிழமைகளில் 250. கோடு போட்டால் ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. குருடனும் தடவிப் பார்த்துச் சொல்வான்.

அவளை வேலையிலிருந்து நிறுத்தி, தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்துக்குப் படிவம் நிரப்பினேன். "விபத்து நடந்த நேரம்?" — இருபத்திரண்டு வருடம். "அடிபட்ட பாகம்: இடதா, வலதா?" — நுரையீரல், ஐயா! இரண்டும் என்று கட்டம் கிடையாது. இடதில் குறியிட்டு, பக்கத்தில் 'வலதும் கூட' என்று எழுதினேன். பெர்னடெட் ஃபேக்ஸ் அனுப்பினாள். உலகில் ஃபேக்ஸ் பார்ப்பவர்கள் டாக்டர்களும் வாரியமும்தான்.

ஜூலை 18

நிராகரித்துவிட்டார்கள்.

காரணம்? நான்.

அவளை ஒரு தடவைகூடப் பார்க்காத வாரிய மருத்துவர் என் குறிப்புகளை வரவழைத்துப் படித்திருக்கிறார். 'புகைப்பழக்கத்தால் வந்த மூச்சுக்குழல் அழற்சி என்று குடும்ப மருத்துவரே ஒன்பது முறை பதிவு செய்துள்ளார்.' முப்பது வருடமாக என் கையெழுத்தை மருந்துக் கடைக்காரன்கூடப் படித்ததில்லை. இந்த ஆள் ஒன்பது இடத்தில் படித்திருக்கிறான்!

என்னத்த எழுதி வெச்சிருக்கேன். அவ சொன்னதக் கேக்காம — கதவப் பாத்துக்கிட்டே, அடுத்த ஆள் யாருன்னு —

ஜூலை 19

அவளிடம் கடிதத்தைக் காட்டினேன். நிதானமாகப் படித்தாள்.

"இந்த ஒன்பதும் நீங்க எழுதினதா?"

"ஆமா."

"அப்ப என்னக் கவுத்தது லோஸ்யே இல்ல."

அவ்வளவுதான். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் 2

மேல்முறையீட்டுக்கு என் கடிதம் வேண்டும். டாக்டர்களுக்கான காப்பீட்டு ஆலோசகரிடம் போனில் கேட்டேன். "'தவறு' என்ற வார்த்தை மட்டும் வேண்டாம்" என்றார். "'புதிய தகவல்கள் கிடைத்துள்ளன' என்று எழுதுங்கள்."

நல்ல வாக்கியம். யாருக்கும் வலிக்காது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். தட்டச்சு செய்த பெர்னடெட் கையை எடுத்துவிட்டாள்.

"புதுத் தகவலா? அவ மூணு வருஷமா சொல்லிட்டிருக்கா. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே கேட்டுது."

கடிதத்தைக் கிழித்தேன். வீட்டுக்கு வந்து ஏழு தாள் வீணாக்கிய பிறகு கிடைத்தது: 'நோயாளி என்ன வேலை செய்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த வேலையைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை. ஒன்பது குறிப்புகளும் தவறு. எழுதியவன் நான்.'

சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் மட்டும் நன்றாக வந்தது.

செப்டம்பர் 25, செவ்வாய்

விசாரணை. தீர்ப்புச் சொல்ல மூன்று பேர் கொண்ட குழு உட்கார்ந்திருந்தது. வாரிய வழக்கறிஞர் சின்னப் பையன், புதுக் கோட்டு.

"மூணு வருஷம் தப்பாச் சொன்னவர் நீங்க. இப்ப சொல்றது சரின்னு எப்படி நம்பறது?"

கேள்வி நியாயம்தான். காது சூடானது.

"அப்ப ஊகிச்சேன். இப்ப அளந்திருக்கேன். என்ன நம்ப வேணாம், அந்த ரம்பப் பல் கோட்டப் பாருங்க" என்றேன். எழுந்து நின்று தாளை நீட்டினேன். ஐம்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

குழுவின் தலைவியம்மாள் யூலாலியிடம், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"ஒண்ணுதான். இவர் கவனிச்சுக் கேக்கற டாக்டர் இல்ல. ஆனா பொய் சொல்ற ஆளும் இல்ல."

என் தொழிலைப் பற்றி இதைவிட நேர்மையான சான்றிதழ் எனக்குக் கிடைத்ததில்லை.

அக்டோபர் 22

ஏற்றுக்கொண்டார்கள். சம்பள இழப்பு, மருந்து, வேறு வேலை கற்கப் பயிற்சி — எல்லாம்.

மாலையில் யூலாலி வந்தாள். நன்றி சொல்வாள் என்று எழுந்துகூட நின்றேன். தன் மருத்துவக் கோப்பை அடுத்த ஊர் டாக்டரம்மாவுக்கு மாற்றித் தரச் சொன்னாள்.

"இன்னும் கோவமா?"

"கோவமெல்லாம் போயிடுச்சு டாக்டரே. அந்தம்மா கேள்வி கேக்கறாங்க, அதான்."

கையெழுத்துப் போட்டேன். யாரும் படிக்கிற மாதிரி.

ஏப்ரல் 29, திங்கள்

ஆலை திறந்து ஒரு வாரம். காலையில் கதவைத் திறந்தால் ஆலை ஆட்கள் ஏழு பேர். யூலாலி அனுப்பினாளாம். "அந்தாளப் போய்ப் பாருங்க, இப்ப கேப்பார்" என்றாளாம்.

முதல் ஆளுக்கு முப்பத்தாறு வயது, பெயர் ஒனெசிம். சட்டைப்பையிலிருந்த சிகரெட் டப்பாவைக் கையால் மறைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்தான்.

"ஆலைல நீங்க எந்த இடத்துல நிப்பீங்க?" என்று கேட்டேன்.

கையை எடுத்தான். சொல்ல ஆரம்பித்தான். நாற்பது நிமிடம் ஆனது. அடுத்த ஆள் யாரென்று நான் பார்க்கவில்லை.