கொக்கோக் கோதும் வாப்பாவின் காலும்

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொரியாவில் நான் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கத்தான் வெட்கமாக இருக்கிறது. தம்பி அக்ரம் நேற்று ஃபோனில் உளறிவிட்டான். "ராத்தா, வாப்பாட கால்ல கோது குத்திப் பெரிய புண்ணு. ஒங்கக்கிட்ட சொல்ல வேணாம்னு சொன்னாங்க."

ஆராய்ச்சிக்கு, கொட்டையெடுத்த கொக்கோக் காயின் கோது இன்னொரு மூட்டை கேட்டது நான்தானே. நெல்லும் மிளகும் காயப்போட்ட பாயில் நீங்கள் செருப்போடு ஏற மாட்டீர்கள். குப்பைக்குப் போகிற கோதுக்கும் அதே மரியாதை கொடுத்து, வெறுங்காலோடு பாயில் ஏறிக் கிண்டிக் காயவைத்திருக்கிறீர்கள். சீனி வருத்தத்தில் மரத்துப்போன கால், குத்தியதே தெரிந்திருக்காது.

அந்தக் கோதின் நாரில்தான் புண்ணில் ஒட்டும் மெல்லிய தாள் செய்கிறோம். பிளாஸ்டிக் இல்லை, வீசினால் மண்ணோடு மக்கிவிடும். போன கிழமை, சீனி வருத்தமுள்ள எலிகளின் புண்கள் அதில் ஆறின. பேராசிரியர் கேக் வெட்டினார். நானும் சிரித்துக்கொண்டே தின்றேன், வாப்பா.

மனிதர்களுக்குப் போட இன்னும் பல வருடங்கள் பரிசோதிக்க வேண்டும். இன்று உங்களுக்கென்று ஒரு தாளை எடுத்துப் பையில் வைத்தேன். பிறகு பயந்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

கிளினிக்குக்குத் தவறாமல் போங்கள். சாப்பிடும்போது எனக்கு ஃபோன் எடுத்து, அப்படியே மேசையில் வையுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, உம்மா கோப்பை வைக்கிற சத்தம் கேட்டால் போதும்.

திரும்ப லேபுக்குப் போக நேரமாகிவிட்டது. அந்தக் காலோடு மிச்சக் கோதையும் கிண்டுகிறீர்களாம். அது சாப்பாடில்லை வாப்பா, செருப்போடு மிதியுங்கள்.

உங்கள் மகள்,
ஆதிபா