அப்பாவுக்கு நான் டைப் அடித்த மெமோ

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைக் கவனித்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். எல்லோரும் என்றதில் அப்பாவையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன், அவர் உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைக்குத்தான் கொஞ்ச நாள் காய்ச்சல் அடித்தது, இப்போது இறங்கிவிட்டது. அண்ணனுக்கு அண்ணியே மெமோ கொடுத்துவிட்டாள் என்று அத்தை உனக்குப் போன் செய்து அழுதாளாமே. என்னையும் கூப்பிட்டு, "ஏன் அண்ணி, வீட்டு விஷயத்த வீட்டுக்குள்ளயே பேசித் தீர்த்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். மெமோ கொடுத்தது பல்கலைக்கழகப் பதிவாளர், அவர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால் டைப் அடித்தது நான், அவ்வளவுதான். அவள் சொன்னதை வைத்துக்கொண்டு நீ பாட்டுக்குக் கவலைப்படாதே, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பாவின் சமூகவியல் துறை மூன்றாம் மாடியில் இருப்பது உனக்குத் தெரியும். லிஃப்ட் கெட்டுப்போய் எத்தனையோ காலம், 'பழுது' என்று கதவில் ஒட்டின தாளே பழுத்துப்போய்த் தொங்குகிறது. இந்த வருஷம் அங்கே ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள், சக்கர நாற்காலியில் வருகிறவள். வராந்தாவில் அவள் வருகிற வேகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள், நாங்களும் அப்படியே கூப்பிடுகிறோம், அவளும் திரும்பிப் பார்த்து ஏன் என்கிறாள். முதலில் கூடப் படிக்கிற பையன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு நாள் பாதிப் படியில் எந்தப் பக்கம் சாய்ப்பது என்று அவர்களுக்குள் சண்டை, இவள் அந்தரத்தில் தொங்குகிறாள். "என்ன எறக்குங்கடா, நான் என்ன பீரோவா?" என்று கத்தி இறங்கினவள்தான், அப்புறம் யாரையும் தொட விடவில்லை. படிக்கட்டுக்குக் கீழேயே உட்கார்ந்து தோழிகள் கொண்டுவருகிற பாடக்குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வருகைப்பதிவு போதாது, பரீட்சை எழுத முடியாது என்று எங்கள் அலுவலகத்திலிருந்தே அறிவிப்புப் போயிற்று. அவள் நேரே அப்பாவிடம் வந்து, "சார், நீங்க மேல சமூக நீதி நடத்துறீங்க, கீழ வரைக்கும் கேக்கல" என்றாளாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த மனிதர் தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். உப்பு கூடிப்போயிற்றோ என்று நான் வேறு பயந்துவிட்டேன்.

மறுநாள் வகுப்பு மொத்தமும் கீழே இறங்கிவிட்டது. படிக்கட்டில் உட்கார்ந்தால் போகிற வருகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று, அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஆட்சிக்குழுக் கூட்ட அறைக்கு வந்துவிட்டார்கள். வருஷத்தில் முக்கால்வாசி நாள் சும்மா கிடக்கிற அறை, மெத்தை வைத்த நாற்காலி, ஏசி. அதுவரை வகுப்புப் பக்கமே தலைகாட்டாத பிள்ளைகளெல்லாம் அறிவுத்தாகம் பிடித்து வந்தார்கள், வேதியியல் துறைப் பையன் ஒருவன் தினமும் வந்து நிம்மதியாகத் தூங்கிவிட்டுப் போனான். அப்பாவின் குரல்தான் உனக்குத் தெரியுமே, சுவரைத் தாண்டிப் பதிவாளர் அறைக்குள் விழும். ஒரு நாள் அவர் கோப்பில் கையெழுத்துப் போடுகிற இடத்தில் 'சமத்துவம்' என்று எழுதிவிட்டு என்னை முறைத்தார், நானா நடத்தினேன்?

அப்புறம்தான் மெமோ. அனுமதியின்றி அறையை ஆக்கிரமித்ததற்கு உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "நீங்களே வீட்ல குடுத்துடுங்கம்மா, ஆள் அனுப்புற வேலை மிச்சம்" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்து, சிவப்பு மையால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டு, 'சந்திப்பிழை கவனிக்க' என்று ஓரத்தில் எழுதி என்னிடமே திருப்பித் தந்தார், அடித்தது நான் என்று தெரிந்தே. அதற்கப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை, தண்ணீர் வேண்டுமென்றால் அவர் சுவரைப் பார்த்துக் கேட்பார், நான் சுவருக்குக் கொடுப்பேன். சிரிக்காதே, உள்ளுக்குள் எனக்குப் பயம்தான். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் வேலைநீக்கம் என்று எழுதிவிட்டால் இத்தனை வருஷம் நடத்தின பாடமெல்லாம் என்ன ஆவது? அந்தப் பெண்ணும் அலுவலகத்துக்கு வந்தாள். பை வாரை முறுக்கிக்கொண்டே, "மேடம், என்னாலதான சாருக்குக் கஷ்டம்? நான் வேணா படிப்ப விட்டுடட்டுமா?" என்று கேட்டாள். அவ்வளவு வாய் பேசுகிற பெண் குரல் இறங்கிக் கேட்டாள். போம்மா, போய் வகுப்புல உட்காரு என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அந்த வாரமே ஆட்சிக்குழுக் கூட்டம். அறையில் பிள்ளைகள், எழுந்திருக்க மாட்டோம் என்கிறார்கள். பதிவாளர் எரிச்சலில், "இவங்களோட மல்லுக்கட்ட நேரமில்ல, எந்த அறை காலியோ அங்க போட்டுடுங்கம்மா" என்றார். எந்த அறை காலி? சமூகவியல் வகுப்பறைதான் காலி, மூன்றாம் மாடி. அதையே அடித்தேன். 'மூன்றாம்' என்பதைத் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. அவர் வழக்கம்போலப் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கூட்டத்தன்று உறுப்பினர்கள் ஏற ஆரம்பித்தார்கள் பார், ஒருவர் கைப்பிடியைப் பிடித்து, ஒருவர் துணைவேந்தரைப் பிடித்து. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், மூட்டுவலிக்காரர், இரண்டாம் மாடிக்கு வந்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இனிமே எனக்கு மேலயும் ஏற முடியாது, கீழயும் இறங்க முடியாது, கூட்டத்த இங்கயே நடத்துங்க" என்றார். துணைவேந்தர் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு அதற்கடுத்த படியில் உட்கார்ந்தார். பதிவாளர் என்னைப் பார்த்தார், நான் மேற்கூரையைப் பார்த்தேன், அங்கே ஒட்டடை அடித்து வெகுநாளாகிறது. சத்தம் கேட்டுக் கீழே பிள்ளைகள் கூடிவிட்டார்கள். உன் அப்பா தொண்டையைக் கனைத்தார், அந்தக் கனைப்பு வந்தால் ஒரு மணி நேரம் நிச்சயம். எக்ஸ்பிரஸ் அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து, "சார், இது நான் பேச வேண்டியது" என்றாள். அப்புறம் அண்ணாந்து பார்த்து, "ஐயா, நீங்க இன்னைக்கு ஒரு நாள் பாதி வழியில உட்கார்ந்துட்டீங்க. நான் சேர்ந்த நாள்லேருந்து கீழயே உட்கார்ந்திருக்கேன்" என்றாள். கத்தவில்லை, படிக்கட்டு அந்தக் குரலை அப்படியே மேலே கொண்டுபோயிற்று. நீதிபதி கம்பி வழியாக எட்டிப் பார்த்தார். "அந்தப் பொண்ணுக்கு யாராவது பதில் சொல்லுங்க" என்றார், துணைவேந்தர் மடியிலிருந்த கோப்பைத் திறந்தார்.

படிக்கட்டிலேயே தீர்மானம் ஆயிற்று. லிஃப்ட்டை உடனே சரிசெய்வது, அதுவரை வகுப்பு கீழேதான், அவள் கீழே உட்கார்ந்த நாளெல்லாம் வருகைக்குச் சேர்த்தி, மெமோவும் வாபஸ். நீதிபதியை இறக்க வேண்டுமே, அதே பையன்கள் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து நாற்காலியோடு தூக்கி வந்தார்கள், கீழேயிருந்து இவள் யோசனை சொன்னாள், "பின்னால சாஞ்சுக்கங்க ஐயா, பயப்படாதீங்க, இவனுங்க சண்டை போட்டா மட்டும் கத்துங்க." பதிவாளர் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு வேற அறையே இல்லையாம்மா என்று கேட்டார். காலியா இருந்தது அது ஒண்ணுதான் சார் என்றேன், அது பொய்யில்லையே. கோப்பை மூடிவைத்துவிட்டு, உங்க ரெண்டு பேரையே சமாளிக்க முடியல, நல்லவேளை பிள்ளை ஒண்ணோட நின்னுச்சு என்று மட்டும் சொன்னார். அவள் பரீட்சை எழுதிவிட்டாள், லிஃப்ட்டும் ஓடுகிறது, அப்பாவும் சுவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தே தண்ணீர் கேட்கிறார்.

நேற்று எக்ஸ்பிரஸ் வீட்டுக்கு வந்திருந்தாள். நூலக வாசலில் படிதான் இருக்கிறது, சரிவுப் பாதை இல்லை, அதை ஒரு கை பார்க்க வேண்டுமாம். அப்பா உடனே பேனாவைத் திறந்து பேச்சு எழுத உட்கார்ந்துவிட்டார். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சார், நீங்க பேச்சு ரெடி பண்ணுங்க. மேடம், நீங்க என்கூட வாங்க" என்றாள். நாளைக்குப் போகிறேன்.

நீ நேரத்துக்குத் தூங்கு, குளிரில் காதை மூடிக்கொள், அங்கேயும் யாராவது கீழே உட்கார்ந்திருந்தால் பார்க்காததுபோல் போய்விடாதே. எடுத்த காரியமெல்லாம் கைகூடி நீ நல்லபடியாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்து அந்த நூலகப் பேச்சை முழுதாகப் படித்துக் காட்டுவார், மறந்துவிடாதே, போனை எடு, குறுக்கே பேசாமல் கேள். கேட்க ஆளில்லை என்றால் என்னிடம்தான் படிப்பார்.

எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா