எதிர்க்கடைச் சட்டை

நோன்பு இருபத்தைந்து, இரவு.

நோன்பு திறக்க மகள் பிள்ளையோடு வந்தாள். பேத்தி தன் பெருநாள் சட்டையை விரித்துக் காட்டினாள். என் கடையில் தொங்குகிற அதே சட்டை, அதே பூ. வாங்கியது எதிரே புதிதாகத் திறந்த பெரிய கடையில்.

"ஏன் மகள், வாப்பாட கடை கண்ணுக்குத் தெரியல்லியா?"

"உங்கட கடைக்கு வந்தா நீங்க காசு வாங்க மாட்டீங்க. சும்மா எடுக்க எனக்கு ஏலாது. அவர் தந்த காசுக்குள்ள எல்லாருக்கும் எடுத்து முடிச்சிட்டன். கையில உள்ளதுக்குள்ள பெருநாள் செய் எண்டு சொல்லித் தந்ததே நீங்கதானே?"

ஓம், அவள் செய்ததுதான் சரி. விலைத் துண்டைப் பார்த்தேன். கொழும்பில் நான் மொத்தமாக எடுத்த விலையை விடக் குறைவு. துறைமுக வாசலில் பாய் விரித்துத் தொடங்கிய யாவாரம் இது. இனிக் கொழும்புக்குப் போவதை விட எதிர்க்கடையில் வாங்கி என் கடையில் விற்பதுதான் லாபம். பெருநாள் கழிந்தால் என் சரக்கை யார் தொடப் போகிறார்கள்?

"கோவமா வாப்பா?" என்றாள்.

"இல்ல. அந்தச் சட்டை அங்க இன்னும் கிடக்கா?"

"கிடக்கு. ஆருக்கு?"

கடைக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.