சந்திரனில் ஒரு காற்றுக்கடை

8.2.1998, ஞாயிறு

பூசை முடிந்து வெளிக்கிடும்போது பாதர் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைத் தந்தார். பள்ளிக்கூடத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிக்குள் கிடந்ததாம். "ஸ்ரெல்லா, நீர்தானே இங்கிலிஷ் படிப்பிக்கிறனீர். இது என்னெண்டு பாரும். அட்டையைப் பார்க்கப் பிள்ளையளுக்குக் குடுக்கப் பயமாக் கிடக்கு" என்றார்.

அட்டையில் சந்திரன். அதன்மேல் வட்ட வட்டமாகக் கூடாரங்கள். முன்னால் துவக்கோடு ஒரு பெண், வாயில் சுருட்டு. பாதர் பயந்ததில் பிழை இல்லை.

பின்னேரம் முழுக்க வாசித்தேன். இது கதைப்புத்தகம் இல்லை, ஒரு விளையாட்டு. பலகை இல்லை, காய் இல்லை. ஒருவர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் இப்ப இதைச் செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் மட்டும் தாயக்கட்டை உருட்டிப் பார்ப்பது. இடம், சந்திரனில் ஒரு குடியேற்றம். அங்கே அரசாங்கமும் இல்லை, பொலிசும் இல்லை. மூச்சு விடுகிற காற்றையே கடையில் வாங்க வேண்டும். அட்டையில் நிற்பவள்தான் காற்றுக்கடைக்காரி. ஈவிரக்கம் இல்லாதவள் என்று போட்டிருக்கிறது.

முதல் பக்கத்திலேயே ஒரு எச்சரிக்கை. இது துணைப்புத்தகம், மூலப்புத்தகம் இல்லாமல் விளையாட முடியாது. மூலப்புத்தகத்துக்கு நான் எங்கே போவேன்? இங்கே ஒரு சவர்க்காரக் கட்டிக்கே வழியில்லை.

10.2

பக்கத்து வீட்டுப் பிரதாபனுக்குப் புத்தகத்தைக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. "மூலப்புத்தகம் இல்லாட்டி என்ன? மிச்சத்தை நாங்களே போடுவம்" என்கிறார். கண் இரண்டும் பளபளவென்று இருந்தது. அந்தக் கண்ணைப் பற்றி நான் இதில் எழுதப் போவதில்லை.

22.2, ஞாயிறு

வயலில் அரிவு வெட்டு முடிந்து இன்றுதான் எல்லோருக்கும் ஓய்வு. எங்கள் ஓலைக் கொட்டிலுக்கு முன்னால், புளியமரத்தடியில் பாய் விரித்தோம். எங்கள் கொட்டில் என்று எழுதுகிறேன். வளவு பிரதாபனின் தகப்பன் பாலன் அங்கிளுடையது. முல்லைத்தீவுக் கரையை விட்டு நாங்கள் இடம்பெயர்ந்து வந்தபோது, "மூலையில ஒரு கொட்டிலைப் போட்டுக்கொண்டு இருங்கோ" என்று இடம் தந்த மனிசன். அவர்களுக்கு உடையார்கட்டுக் குளத்துத் தண்ணீரில் வயல். எங்களுக்குக் கடலும் இல்லை, வயலும் இல்லை. அப்பா சைக்கிளில் களப்புக்குப் போய் வலை வீசிவிட்டு வருகிறார்.

கதை நடத்துவது நான். தாயக்கட்டைக்குப் பதிலாக அப்பா கரையிலிருந்து கொண்டுவந்த சோகிகள். பாதிக்கு மேல் நிமிர்ந்து விழுந்தால் காரியம் நடக்கும், இல்லையென்றால் இல்லை. இதுதான் எங்கள் மூலப்புத்தகம்.

பிரதாபன் அங்கே சந்திரவண்டி ஓட்டுகிறார். இங்கே ட்ரக்டர். அப்பா சும்மா பார்க்க வந்தவர், "நான் சம்மாட்டி" என்று சொல்லிக்கொண்டு பாயில் இருந்துவிட்டார். கரையில் ஒரு நாளும் சொந்த வள்ளம் இல்லாதவர் அப்பா. சந்திரனிலாவது இருக்கட்டும். குடியேற்றம் என்ற சொல்லைக் கேட்டதும் பாலன் அங்கிளும் வந்துவிட்டார்.

"ஆளுக்கு எத்தினை ஏக்கர் குடுத்தவங்கள்?"

"அங்கிள், இது காணி குடுக்கிற குடியேற்றம் இல்லை. கள்ளரும் கொலைகாரரும் இருக்கிற இடம்."

"எல்லாக் குடியேற்றமும் துவக்கத்தில அப்பிடித்தான் பிள்ளை. வாய்க்கால் எந்தப் பக்கத்தால வருது?"

சந்திரனில் தண்ணீர் இல்லை என்று ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். கடைசியில் கிணறு தோண்டத் தொடங்கிவிட்டார்.

8.3, ஞாயிறு

எனக்குச் சரியான கோபம். புத்தகத்தில் மிகப் பெரிய கட்டம் இன்றைக்கு. உடைந்த கப்பலுக்குள் காற்றுச் சிலிண்டர்கள் அகப்படும். அதற்காக எல்லோரும் ஆளையாள் சுடுவார்கள் என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறது. நான் இரண்டு நாள் இருந்து தயார்பண்ணினேன். அப்பா என்ன செய்தார்? கரைவலை மீனைப் பிரிக்கிற மாதிரிப் பங்கு பிரித்தார். வண்டிக்கு ஒரு பங்கு, கயிற்றுக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒவ்வொரு பங்கு, புருசன் இல்லாத வீடுகளுக்கு ஒரு பங்கு.

"அப்பா, நீங்கள் சண்டை பிடிக்கோணும்!"

"என்னத்துக்கு? எல்லாருக்கும் காணும்தானே."

பாலன் அங்கிள் தலையாட்டுகிறார். பிரதாபன் சிரிப்பை அடக்க முடியாமல் புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். அவ்வளவு பேரையும் சந்திரனை விட்டுக் கலைக்க வேண்டும் போல இருந்தது.

பிறகு தன் பங்குச் சிலிண்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு பிரதாபன் காற்றுக்கடைக்கு வந்தார். கடைக்காரியாகக் கதைப்பது நான்தானே. "என்ன வேணும்?" என்றேன், எவ்வளவு கடுமையாக முடியுமோ அவ்வளவு கடுமையாக.

"ஒண்டும் வேண்டாம். சும்மா வந்தனான்."

29.3, ஞாயிறு

இன்றைக்கும் காற்றுக்கடைக்குச் சும்மாதான் வந்தார். போன கிழமையும் அப்படித்தான். அம்மா குசினிக்குள் இருந்து, "அந்தக் கடையில யாவாரம் நடக்கிறதே இல்லையோ?" என்று கேட்டா. அம்மாவுக்கு எல்லாம் கேட்கும்.

12.4, உயிர்த்த ஞாயிறு

பலகாரத் தட்டோடு பாலன் அங்கிள் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனிசி விமலேஸ்வரி அன்ரி தட்டை வாங்கிக்கொண்டு, "நீங்கள் எல்லாரும் இன்னும் சந்திரனிலதானோ? வேலைவெட்டி இல்லாததுகள்" என்றா. சிரித்துக்கொண்டு சொன்னாவா, சிரிக்காமல் சொன்னாவா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அன்ரிக்கு என்னைப் பிடிக்காது என்றில்லை. ஆனால் நான் வேதக்காரப் பிள்ளை, கடற்கரைப் பிள்ளை, அவவின் வளவு மூலையில் இருக்கிற பிள்ளை.

3.5, ஞாயிறு

பிரதாபனுக்கு இங்கேயிருந்து வெளியே போகிற பாஸ் சரிவரப் போகுதாம். கனடாவில் இருக்கிற மாமா எல்லாம் ஒழுங்குபண்ணிவிட்டார். வவுனியா போய், அங்கேயிருந்து கொழும்பு, பிறகு கனடா. அன்ரிதான் நின்று அலுவல் பார்க்கிறாவாம். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும் என்று நினைக்கிறது பிழையா? பிழையே இல்லை. நானும் அதைத்தான் நினைக்க வேண்டும்.

ஆனா என்னட்டை ஏன் அவர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை? அங்கிள் சொல்லித்தானே நான் அறிஞ்சனான். சொன்னா நான் என்ன, கையைப் பிடிச்சு மறிக்கப் போறனோ? — மறிப்பன். அதுதான் பயம். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும். எழுதிவிட்டேன், முடிந்தது.

5.5

பகல் முழுக்கச் செல் விழுந்து வெடிக்கிற சத்தம். தூரத்தில்தான். ஆறாம் வகுப்புக்கு இறந்தகாலம் படிப்பித்தேன்.

17.5, ஞாயிறு

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

புத்தகத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டோம். சந்திரனை விட்டுப் போக ஒரு கப்பல் வருகிறது. அதில் ஒரே ஒரு இடம். அப்பாவும் அங்கிளும் தங்களுக்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். அப்பாவுக்கு அங்கே வள்ளம் இருக்கிறது, அங்கிளுக்குக் கிணறு. பிரதாபன் சோகி போட்டார். எல்லாம் நிமிர்ந்து விழுந்தது. இடம் அவருக்குத்தான். நான் கதை நடத்துகிறவள், அதனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "கதவு திறந்து கிடக்கு. ஏறுங்கோ."

"நான் ஏறேல்லை" என்றார்.

"பிறகு?"

"காத்துக்கடைக்குப் போறன். கடைக்காரியிட்டை என்னைக் கட்டச் சம்மதமோ எண்டு கேக்கிறன்."

அவர் பாயைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கும் சோகி போடோணுமோ?" என்று கேட்டார். சோகி என் கைக்குள் இருந்தது. கை விரிய மாட்டேன் என்கிறது.

அப்பாதான் கதைத்தார். "இதுக்குச் சோகி போடேலாது தம்பி. பொம்பிளை கேக்கிறதெண்டால் தாய் தேப்பன் வந்து கேக்கோணும்."

"சந்திரனில சட்டமில்லை எண்டெல்லோ புத்தகத்தில கிடக்கு" என்றார் பிரதாபன்.

"சட்டந்தான் இல்லை. முறை இருக்கு."

பாலன் அங்கிள் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிப் போனார். பிரதாபன் அவருக்குப் பின்னாலே போனார்.

18.5

அம்மா அப்பாவை ஏசுகிறா. "அவையின்ரை வளவில இருந்துகொண்டு அவையை வரச்சொல்லிக் கேட்டனீங்களே. இனி எங்கை போய்க் கொட்டில் போடுறது?" அப்பா வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருக்கிறார்.

24.5, ஞாயிறு

பாய் விரித்தோம். ஒருவரும் வரவில்லை. அப்பாவும் நானும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சுருட்டினோம். வேலிக்கு அந்தப் பக்கம் அன்ரி பெரிய சத்தமாக அழுவது கேட்டது. பாஸ் வந்துவிட்டதா? நாளைக்கே வெளிக்கிடுகிறாரா? ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?

31.5, ஞாயிறு

விமலேஸ்வரி அன்ரி வந்தா. முழுகி, கூறைச்சேலை மாதிரி ஒரு சேலை உடுத்து, ஒரு தட்டில் வாழைப்பழச் சீப்பும் வெற்றிலை பாக்கும். பின்னால் அங்கிள். அவருக்கும் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு பிரதாபன். அம்மா குசினிக்குள் எதையோ போட்டுடைத்தா.

கதிரையைக் கொடுத்தோம். அன்ரி இருக்கவில்லை. வெளியே போய்ப் புளியமரத்தடியில் நின்று, "எங்கை அந்தப் பாய்?" என்று கேட்டா. விரித்தேன். இருந்தா. தட்டை நடுவில் வைத்தா.

"அவன் போகேல்லையாம். ஏசினனான், அழுதனான், சாப்பிடாமலும் கிடந்தனான். அசையிறானில்லை. சரி, இஞ்சைதான் இருக்கப் போறானெண்டால் தனிய இருக்கக் கூடாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தா. "தாய் தேப்பன் வரோணுமெண்டு சொன்னனீங்களாம். வந்திருக்கிறம். முதல் எங்கடை கோயிலிலை, பிறகு உங்கடை சேர்ச்சிலை. ஆர் அந்தக் காத்துக்கடைக்காரி?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"நான்தான், மாமி" என்றேன். இதுவரை அன்ரி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

7.6, ஞாயிறு

அந்த ஒரு இடமும் காலியாக இருக்க, கப்பல் போய்விட்டது. புத்தகம் முடிந்துவிட்டது, நாங்கள் நிறுத்தவில்லை.

மாமியும் விளையாட வந்தா. "எனக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், "எழும்பு பிள்ளை, கடையை நான் பார்க்கிறன். நீ யாவாரம் செய்யிற வடிவைக் கேள்விப்பட்டனான்" என்று என் இடத்தில் இருந்துகொண்டா. முதல் ஆளாக வண்டியில் வந்து இறங்கினார் அவவின் மகன்.

"உனக்கென்ன வேணும்?"

"ஒண்டும் வேண்டாம். சும்மா வந்தனான்."

"சும்மா வாறவைக்கு இஞ்சை காத்தில்லை. போய்த் தேப்பனுக்குக் கிணறு வெட்டு."

சிரித்துச் சிரித்து அப்பாவுக்குப் புரைக்கேறியது. பாயில் எனக்கு வேறு இடம் இருக்கவில்லை. பிரதாபனுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.